பதினோரு அந்நிய அழைப்புகள்

கம்ப்யூட்டருக்கு எந்த வைரஸ் தடுப்பு வாங்கலாம் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் எனக்கு வாய் ஓயாது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் என் கடை. பதினெட்டு வருஷமாக வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. "எஸ்தர் பூட்டுனா எமனும் உள்ள வரமாட்டான்" என்று வாடிக்கையாளர்கள் கேலியாகச் சொல்வார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டுக்கு நான் போட்ட காவல் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. அது பழுதாகியிருந்தால் அவர்கள் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

அண்ணாச்சி பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கட்டம் போட்டுப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. நான் போன அன்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு கம்பெனிகளின் பெயரை எழுதி, எதில் என்ன உண்டு, எதில் என்ன இல்லை என்று டிக் அடித்து வைத்திருந்தார்.

"வைரஸுக்கு ஒண்ணு, வேவு பாக்குறதுக்கு ஒண்ணு, இந்த ஃபயர்வால் ஒண்ணு. மூணும் தனித்தனியா வாங்கணுமா, ஒண்ணாவே வருமா?" என்று கேட்டார்.

"ஒண்ணா வாரதுதான் நல்லது அண்ணாச்சி. வைரஸ்னா சீக்கு. வந்தா கம்ப்யூட்டர் படுத்துரும். வேவு மென்பொருள் சீக்கு இல்ல, அது ஒட்டுக் கேக்குற ஆளு. சத்தமே இல்லாம மூலையில உக்காந்து நீங்க பேசுறத வெளிய சொல்லிக்கிட்டு இருக்கும். ஃபயர்வால் வாசல்ல நிக்குற காவக்காரன். யாரு உள்ள வரணும், யாரு வெளிய போகணும்னு பாக்குறது அவன் வேலை."

"ரெண்டு கம்பெனி வைரஸ் தடுப்ப சேத்துப் போட்டா இன்னும் பலமா இருக்குமே?"

"ஒரே வாசல்ல ரெண்டு நாயக் கட்டுனா என்னாவும்? திருடன விட்டுட்டு அதுக ரெண்டும் ஒண்ண ஒண்ணு கடிச்சிக்கிடும்."

சிரித்தார். கடைசிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இது இலவசம்னு போட்டிருக்கான்."

"இலவசமா வார காவக்காரன் எங்க சாப்பிடுவான்? உங்க வீட்டு விவரத்த வித்துத்தான் சாப்பிடுவான்."

இத்தனை நேரமும் அவருடைய மனைவி உலகம்மாள் மைனி காபி டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். காபி ஆறியே போயிருக்கும். "நாய், சீக்கு எல்லாம் எனக்கு வேண்டாம். அந்தச் சத்தம் இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. அதுக்கு எது உண்டோ அதப் போடுங்க" என்றார்.

எந்தச் சத்தம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அது தெருவுக்கே தெரிந்த கதை. குரலைத் திருடுவது சைக்கிள் திருடுவதைவிட எளிதாகிவிட்ட காலம் இது. நண்பன் கல்யாணத்தில் ஒருவன் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசிய வீடியோ போதும், அதை வைத்து அவன் குரலிலேயே நாள் முழுக்கப் பேச வைத்துவிடலாம். போன மாதம் மைனிக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் இசக்கிராஜாவின் குரல். "எம்மா, ஆளு மேல வண்டிய ஏத்திட்டேம்மா, போலீஸ்ல புடிச்சி வச்சிருக்காங்க" என்று கதறியது. வாசலுக்கு வந்த எவனோ ஒருவனிடம் மைனி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் உண்மையான இசக்கி பேசியபோது விழுந்து விழுந்து சிரித்தானாம். "எம்மா, நான் என்னைக்காவது அழுது பாத்திருக்கியா? அழுகுற சத்தம் கேட்டா அது நான் இல்லன்னு வச்சிக்கோ" என்றானாம்.

சங்கிலி போனதைவிட ஏமாந்துபோன அவமானம்தான் மைனியைத் தின்றுகொண்டிருந்தது. பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் தெரியவில்லையே என்று கோவிலில்கூட யாரோ கேட்டுவிட்டார்கள்.

நான் இருப்பதிலேயே கடுமையான காவலை எடுத்தேன். இப்போது செல்போனாக இருந்தாலும் எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வரும் எல்லா அழைப்பும் வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாகத்தானே வருகிறது. இந்தக் காவல் அழைப்பது எந்த எண் என்பதோடு நிற்காது, ஆளையே பார்க்கும். குரலை மட்டுமல்ல, குணத்தையும் படிக்கும். அதற்காகப் பழைய பேச்சுகளை அதற்குப் போட்டுக் காட்ட வேண்டும். நான்கு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் இசக்கி பேசியது எல்லாம் சேமிப்பில் இருந்தது. சிலவற்றை நாங்களும் உட்கார்ந்து கேட்டோம். "நல்லா இருக்கேம்மா." "ஏசி ரூமு." "இன்னைக்கு பிரியாணி போட்டாங்க." "வேலையா? வேலை என்ன வேலை, தகட்டத் தொடச்சிட்டு நெழல்ல உக்காந்திருக்கோம்." பாலைவனத்தில் சூரியத் தகடுகளைத் துடைக்கிற வேலை அவனுக்கு.

ஒரு மணி நேரத்தில் இயந்திரம் அவனைப் பற்றி நாலு வரி எழுதிக் காட்டியது. இவர் அழுவதில்லை. குறை கூறுவதில்லை. எதுவும் கேட்பதில்லை. அடிக்கடி சிரிப்பார்.

"இப்பிடிப் பிள்ளை கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் மைனி" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

எனக்குத் தெரியாதா? இந்த ஊரிலிருந்து கடல் கடந்து போன எந்தப் பிள்ளை வீட்டுக்கு உள்ளதைச் சொல்லியிருக்கிறான்? எங்கள் தெரு ஜெபராஜ் ஆட்டுக் கொட்டகையில் மூன்று வருஷம் படுத்துக் கிடந்தான். அவனும் "ரூமு சூப்பரா இருக்கு" என்றுதான் வீட்டுக்குச் சொன்னான். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதலில் பழகிக்கொள்கிற வேலையே அந்தப் பொய்தான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை நான் இயந்திரத்துக்குச் சொல்லாமல் விட்டேன். இருநூறு வெள்ளிக்கிழமைப் பொய்களைக் காட்டி, இவன்தான் இசக்கி என்று சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. சந்தேகம் வந்தால் வீட்டாரிடம் எத்தனை முறை கேட்க வேண்டும்? ஒவ்வொரு முறையும் கேட்கலாம், அல்லது ஒரே முறை கேட்டு, அவர்கள் சொன்னதையே பிடித்துக்கொள்ளலாம்.

"ஒரு தடவை போதும். திரும்பத் திரும்ப அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்கு நெஞ்சு அடைச்சிரும்" என்றார் மைனி.

ஒரே முறை என்பதை அமுக்கினேன். அமுக்கியது என் விரல்தான்.

ஏழு மாதம் கழித்து, வைகாசியில், கிராம நிர்வாக அலுவலர் நேரிலேயே அவர்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் வெயிலில் தகடுகளுக்கு நடுவே இசக்கி விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை என்று சொன்னார். உடல் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. நானும் போயிருந்தேன். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். மைனி கேட்கவில்லை. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, அறுபது வயதுக் கிழவனைப் போல வற்றிப்போய்க் கிடந்தான். ஏசி அறையில் இருந்தவன் எப்படி இப்படி ஆனான் என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அண்ணாச்சி எனக்குப் போன் பண்ணினார். "எஸ்தர், கொஞ்சம் வந்துட்டுப் போம்மா" என்றார்.

போனபோது இசக்கியின் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். மேலப்பாளையத்துக்காரன், பெயர் காஜா மைதீன். அங்கே இசக்கியோடு ஒரே கொட்டகையில் இருந்தவன்.

"நீங்கதான் கம்ப்யூட்டர் அக்காவா?" என்றான். "அவன் ஒம்பது நாளாக் கூப்பிட்டான்க்கா. எங்க போனையெல்லாம் கம்பெனி வாங்கி வச்சிட்டான், வெள்ளிக்கிழமை மட்டுந்தான் கம்பெனி போன்ல பேச விடுவான். சமையக்காரன் போனு, தண்ணி லாரி டிரைவர் போனுன்னு கையக் கால புடிச்சி வாங்கி வாங்கிக் கூப்பிட்டான். வீட்டுல எடுக்கலன்னு வந்து உக்காருவான்."

"எதுக்குக் கூப்பிட்டான்?"

"அங்க வெயில் அம்பத்து மூணு டிகிரி. அவனுக்கு ஒண்ணுக்கு ரத்தமாப் போச்சி. கம்பெனி விடமாட்டேன்னுட்டான். வீட்டுல இருந்து கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்து, அது எம்பசிக்குப் போனா விட்டுருவான். எங்க கொட்டகையிலேயே ரெண்டு பேரு அப்பிடித்தான் ஊருக்கு வந்தாங்க. ஒரே ஒரு மனுதான்க்கா."

அண்ணாச்சி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் டிப்போவில் மனுவும் ரிப்போர்ட்டும் எழுதியவர். பத்து நிமிஷத்தில் எழுதியிருப்பார்.

"அந்த வெள்ளிக்கிழமை கம்பெனி போன்ல பேசியிருப்பான்ல?" என்று கேட்டேன்.

"அந்த வாரம் பேசவே விடல. அடுத்த வெள்ளிக்கிழமைதான் விட்டான். பேசுறப்ப மேஸ்திரி பக்கத்துலேயே நிப்பான்."

மைனி என்னைப் பார்த்து, "அதத் தொறங்க" என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். காவல் தடுத்த அழைப்பு, கூப்பிட்டவருக்கு யாரும் எடுக்காத மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர் பேசுவதை அது பதிவு செய்து, உடனே அழிக்காமல் ஒரு வருஷம் ஒதுக்கி வைத்திருக்கும். வைகாசி மாதத்தைத் தேடினேன். பதினோரு வரிகள், எல்லாம் சிவப்பில். தெரியாத எண். குரல் பொருந்துகிறது, குணம் பொருந்தவில்லை. அழுகிறார். உதவி கேட்கிறார். போலி.

காவல் தானாகத் தடுத்திருக்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். முதல் வரி அப்படி இல்லை. புதன்கிழமை காலை பத்து நாற்பது. சந்தேகம் வந்து, அந்தக் குரலை ஐந்து விநாடி போட்டுக் காட்டி, இவர் உங்கள் உறவினரா என்று இயந்திரம் கேட்டிருக்கிறது. இல்லை என்று பதில் வந்திருக்கிறது. யாருடைய விரல் என்பதும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு அது யாரையும் கேட்கவில்லை. ஒரே முறை போதும் என்று நான்தானே அமுக்கியிருந்தேன்.

பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கட்டங்களை வாசித்துப் பழகிய ஆள், என்னைவிட வேகமாக வாசித்துவிட்டார். என் தோளை லேசாகத் தொட்டு, சத்தமாகச் சொன்னார்.

"நான்தான் அமுக்குனேன். ஏதோ களவாணிப்பயன்னு நெனச்சி நான்தான் அமுக்கிட்டேன் உலகு."

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பழி மைனி மேலும் விழவில்லை, என் மேலும் விழவில்லை என்று ஒரு மூச்சு விட்டேன். "ஆமா மைனி, அண்ணாச்சி பேருதான் போட்டிருக்கு" என்றுகூடச் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க அன்னைக்குக் கண்ணுல கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில கெடந்திய" என்றார் மைனி. குரலில் கோபமே இல்லை. "நான்தான் அமுக்குனேன். காஜா தம்பி சொன்ன ஒடனேயே தெரிஞ்சிபோச்சி. நீங்க எதுக்குப் பொய் சொல்லுதிய? அவன் சொன்ன பொய்யே போதும்."

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மைனி, செட்டிங் போட்டது நான். ஒவ்வொரு தடவையும் கேக்கச் சொல்லி வச்சிருந்தா…" என்று ஆரம்பித்தேன். என்னைத் திட்டமாட்டாரா, நாலு அறை அறையமாட்டாரா என்று இருந்தது.

"கடேசி வெள்ளிக்கிழமை பேசுனான்லா, அது இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. பதினோரு சிவப்பு வரிகளுக்குக் கீழே ஒரே ஒரு பச்சை வரி. கம்பெனி எண். அனுமதிக்கப்பட்டது. போட்டேன்.

"எம்மா, எப்பிடி இருக்க?"

"நல்லா இருக்கேன் ராசா. சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. மீன் கொழம்பு."

"எய்யா, ஒரு கூத்து கேளு. போன வாரம் ஒரு களவாணி உன் கொரல்லயே அழுதாம்ல. எம்மா, என்னையக் கூட்டிட்டுப் போங்கங்கான். ஒருக்க ஏமாந்தவ மறுக்கவும் ஏமாறுவனா? போலே நாயேன்னு அமுக்கிப்புட்டேன்."

அதன் பிறகு சத்தம் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு விநாடி. ஏழு. தூரத்தில் யாரோ எதையோ இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தான். வழக்கமான அதே சிரிப்பு.

"நல்ல காரியம் பண்ணுனம்மா. இனிமே அவன் கூப்பிட மாட்டான்."

காஜா மைதீன் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். அவன் மூக்கைச் சிந்துவது கேட்டது. என்னாலும் அடக்க முடியவில்லை. இந்த வேலைக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து நான் அழுதது அன்றைக்குத்தான்.

மைனி மட்டும் அழவில்லை. திரையைக் காட்டினார். "அந்தப் பச்சைக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

"இவர் உங்கள் மகன். பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு" என்று வாசித்தேன்.

"அதுக்கும் தெரியல. பெத்த எனக்கும் தெரியல" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காவல எடுத்துரவா மைனி? வேண்டாம் இது" என்றேன்.

"எடுக்கலாம். அதுக்கு முந்தி அந்தப் பதினொண்ணுலயும் போலின்னு போட்டிருக்குல்லா? அத மாத்தணும். மாத்த முடியுமா?"

முடியும். தவறாக ஒதுக்கிவிட்டால் திருத்திக்கொள்வதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அழைப்பை முழுதாகக் கேட்ட பிறகு கீழே ஒரு பொத்தான் வரும். இவர் என் உறவினர் என்று அதில் எழுதியிருக்கும். பாதியில் நிறுத்தினால் அது வராது. அவசரப்பட்டுத் தப்பாக அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"முழுசாக் கேக்கணுமே மைனி" என்றேன்.

"கேக்குதேன்."

நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அண்ணாச்சி எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டார். முதல் அழைப்பு இரண்டரை நிமிஷம். "எம்மா, எடும்மா, நான் இசக்கிம்மா, என்னையக் கூட்டிட்டுப் போங்கம்மா, நெசமாவே நான்தாம்மா" என்று தொடங்கியது. மைனி கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிள்ளை பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்கிற மாதிரி, ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்று கேட்டார். பொத்தான் வந்ததும் அமுக்கினார். அடுத்ததைப் போடச் சொன்னார்.

மூன்றாவது அழைப்பில் ரத்தம் போவதைச் சொன்னான். ஐந்தாவதில் அப்பாவை மனு எழுதச் சொன்னான், யாருக்கு எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்றெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னான். அண்ணாச்சி சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எட்டாவதில் பேச்சே இல்லை, அழுகைதான். மைனியின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பதினொன்றாவது மிகவும் சின்னது. "எம்மா, டிரைவர் போனக் கேக்கான். நான் பொறவு கூப்பிடுதேன்" என்பது மட்டும்தான்.

பதினோரு முறையும் அவர் விரலால்தான் அமுக்கினார். நானோ அண்ணாச்சியோ கை நீட்டவில்லை.

திரையில் சிவப்பு எல்லாம் போய், மேலிருந்து கீழ்வரை பச்சையாக மாறியது. கொஞ்சம் யோசிப்பதுபோல் சக்கரம் சுற்றியது. பிறகு எழுத்து வந்தது. மைனிக்குக் கண்ணாடி இல்லை. என்ன போட்டிருக்கு, வாசிங்க என்றார்.

வாசித்தேன்.

"நன்றி. இசக்கிராஜாவை இப்போது நன்றாகப் புரிந்துகொண்டோம். இனி அவருடைய அழைப்புகள் தடுக்கப்பட மாட்டா."